ஜன்னல் பக்கக் கை

வாசல் படியில் குந்தி உட்கார்ந்து, வலது ஷூவை இடது காலில் மாட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு வாண்டின் பாதத்தை மடியில் வைத்து அவள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, பெரிய டீச்சரின் செருப்புச் சத்தம் பின்னால் வந்து நின்றது. தலைமை ஆசிரியையை அந்தப் பள்ளியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உருவத்தில் அவர் ஒன்றும் பெரியவர் இல்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் மூக்குக்கண்ணாடிக்கு மேலேதான் தெரிவார்.

"அதிகாரி வியாழக்கிழமை வர்றாங்களாம். இப்பதான் போன் வந்துச்சு."

"அடுத்த மாசம்னு சொன்னீங்களே டீச்சர்?"

"அவங்க அப்படிச் சொன்னாங்க, நானும் அப்படிச் சொன்னேன். இப்ப இப்படிச் சொல்றாங்க, இப்படிச் சொல்றேன்." பெரிய டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "பயந்து சாகாதம்மா. ஒரே ஒரு பாடம். ஒழுங்கா எடுத்துட்டா நீ டீச்சர். இல்லன்னா, பட்டம் வாங்கின பொண்ணு ஒருத்திய திங்கக்கிழமை அனுப்பறேன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"அக்கா, கால் கூசுது," என்றார் மடியில் இருந்த பாதத்தின் சொந்தக்காரர்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போனவள், குழந்தை பிறந்ததும் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். உதவியாளராக மூக்குத் துடைத்துவிட்டு, ஷூ மாட்டிவிட்டு, ஈரக் கால்சட்டை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறாள். கல்லூரியில் சேர்ந்த வருடமே அப்பா படுத்த படுக்கையானதில் படிப்பு நின்றது. கையில் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாவிட்டாலும், வகுப்பறையில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால், அதிகாரி முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டி ஆசிரியை ஆகலாம் என்று புதிதாக ஒரு வழி திறந்திருந்தது. சின்ன வழிதான். ஒருமுறை வழுக்கினால் மறுபடி அதில் கால் வைக்க வருடக்கணக்காகும். அதற்குள் இந்த வகுப்பு யார் கைக்கோ போயிருக்கும்.

பக்கத்து வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த வழியாகப் போனாள். "என்னக்கா, வியாழக்கிழமை பரீட்சையாமே? ஷூ மாட்டிவிட்ட கை, சாக்பீஸ் வழுக்கிடப் போகுது. பாத்து."

"வழுக்காது டீச்சர். துணியில தொடச்சுட்டுத்தான் எடுப்பேன்," என்றாள் இவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கயிற்றில் போட்ட முடிச்சு சுருக்காக விழுந்துவிட்டது, பிறகு அதை அவிழ்க்க நகத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவள் கணவனைத் தெருவில் எல்லோரும் வாத்தியார் என்பார்கள். வாத்தியார் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் சரியாகக் காட்டுவார்கள். அவர் எந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறார் என்று கேட்டால்தான் தலையைச் சொறிவார்கள். கணக்கில் பட்டம், அதற்கு மேல் ஆசிரியர் பயிற்சிப் பட்டம், இரண்டும் கூடத்துச் சுவரில் கண்ணாடிக்குள் இருந்தன. வாங்கியவன் கடைவீதியில் ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலந்துகொண்டிருந்தான். வேலை கிடைத்த ஒரே பள்ளியும் ஒரு வருடத்தில் மூடப்பட்டது. அதன்பிறகு போன நேர்முகங்களைப் பற்றி அவன் வீட்டில் பேசுவதில்லை. பேசாமல் இருக்கவே பழகிப்போய், மற்ற விஷயங்களையும் பேசுவது குறைந்துவிட்டது.

அவன் குரலுக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன், பக்கத்து வீட்டு மாடியில் அவன் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பான். துணி காயப்போடும் சாக்கில் அவள் மாடியேறி, காய்ந்த துணியையே திரும்பத் திரும்ப உதறிப் போடுவாள். கணக்கு ஒரு அட்சரம் புரியாது. ஆனால் புரியாதவனிடம் எரிந்து விழாமல், "சரி, வேற பக்கமா வருவோம்" என்று அவன் சொல்லும் விதம் இருக்கிறதே, அதற்கு எத்தனை துணியை வேண்டுமானாலும் உதறலாம் என்று இருந்தது.

அன்று மாலை அவள் விஷயத்தைச் சொன்னபோது அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். எவ்வளவு தேய்த்தாலும் நக இடுக்கில் ஏதாவது ஒரு நிறம் தங்கிவிடும், அன்றைக்கு நீலம். கேட்டதும் குழாயை மூடாமலே திரும்பினான்.

"வியாழனா? நாளும் இல்ல, நேரமும் இல்ல. என்ன பாடம்?"

"கழித்தல். பன்னெண்டுல அஞ்சு போனா."

"பொருள் என்ன வெச்சு?"

"பாட்டில் மூடி."

"நல்லது. மூடி உருளும், உருண்டா சிரிப்பாங்க, அதுக்கு ஒரு தட்டு வெச்சுக்க." ஈரக் கையோடு வந்து அடுப்பு மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். பிறகு பேச ஆரம்பித்தான். முதல் நிமிடம் எப்படி நிற்க வேண்டும், அதிகாரியின் முகத்தை ஏன் பார்க்கக் கூடாது, பலகையில் எந்த மூலையில் எழுத வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னான். கரண்டியைப் பிடித்தபடி அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் கேட்ட அதே குரல். எங்கே ஒளித்து வைத்திருந்தான் இத்தனை நாள்?

"முக்கியமான ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க," என்று அவன் கடைசியில் குனிந்தான். "நீ கேள்வி கேட்டதும் எல்லாக் கையும் மேல போகணும். ஒரு கைகூட கீழ இருக்கக் கூடாது. தெரிஞ்சவன் வலது கையைத் தூக்கணும், தெரியாதவன் இடது கை. நீ வலது கைக்காரனா பாத்துக் கூப்பிடு. எங்க பயிற்சிக் காலேஜ்ல எல்லாருமே இப்படித்தான் பாஸ் பண்ணினோம்."

"அது ஏமாத்து இல்லையா?"

"ஏமாத்து இல்லடி, ஏற்பாடு. பாக்க வர்றவங்களுக்கும் தெரியும். கல்யாண வீட்ல போட்டோவுக்குச் சிரிக்கறோமே, அந்த மாதிரி."

அவளுக்கு ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவன் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தை வேறாகிவிட்டது. "ஒண்ணாங்கிளாஸுக்கு வலது எது இடது எதுன்னு தெரியாதுங்க. தெரிஞ்சா நான் ஏன் தினம் ஷூ மாத்திப் போடறேன்?"

"அட, ஆமால்ல!" அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். நீலம் ஒட்டவில்லை, நல்லவேளை. "அப்ப என்ன பண்ணலாம்?"

வழியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அதிகம் வலித்தது. வகுப்பில் பெஞ்சுகள் எல்லாம் பலகையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், மறுபக்கம் கதவு. தெரிந்தவர்கள் ஜன்னல் பக்கக் கையைத் தூக்கட்டும், தெரியாதவர்கள் கதவுப் பக்கக் கையை.

"பிரமாதம்!" என்றான் வாத்தியார். "நீ பிறவி டீச்சர்!" அப்படியே அவள் கன்னத்தைக் கிள்ளினான். அவன் கிள்ளி எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. அதன்பிறகு யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

குழந்தைகளுக்கு அது திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ரகசியம் என்றால் அவர்களுக்கு லட்டுதான். கேள்வி கேட்பதற்கு முன்பே கைகள் பறந்தன. "பட்டாசு" என்று அவள் செல்லப் பெயர் வைத்திருந்த பெண், பக்கத்தில் இருப்பவர்களின் கையையும் சேர்த்துத் தூக்கிவிட்டாள். பேச்சே எழும்பாத பையன் ஒருவன் இருந்தான். கேள்வி என்றால் பெஞ்சுக்குக் கீழே எதையாவது தேடப் போய்விடுவான். "பூனைக்குட்டி" என்பாள் அவனை. செவ்வாய்க்கிழமை மதியம் அவன் மெல்ல வந்து அவள் சேலை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"கதவுக் கையத் தூக்கினா, என்னைக் கேக்க மாட்டீங்கதான?"

"மாட்டேன் கண்ணா."

"சத்தியமா?"

"சத்தியமா."

புதன்கிழமை ஒத்திகையில் பூனைக்குட்டியின் கதவுக் கை எல்லோருக்கும் முன்னால் மேலே போயிற்று. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அவன் கை தூக்கியதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவள் பலகைப் பக்கம் திரும்பி, அழித்த இடத்தையே மறுபடி அழித்தாள்.

வியாழக்கிழமை வந்த அதிகாரியம்மா பார்ப்பதற்குப் பொல்லாதவராகத் தெரியவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. சாதாரணப் பருத்திச் சேலை, தோளில் துணிப்பை. பிள்ளைகள் எழுந்து ராகம் போட்டு வணக்கம் சொன்னதும் அவரும் அதே ராகத்தில் திருப்பிச் சொன்னார். பெரிய டீச்சர் நல்ல நாற்காலியைப் பின்வரிசையில் போட்டு, தூசி இல்லாத இடத்தையும் ஒருமுறை துடைத்தார்.

அதிகாரியம்மா உட்காரவில்லை. "இங்கேருந்து பாத்தா எனக்கு முதுகுதான் தெரியும். பெஞ்சையெல்லாம் ஓரமாத் தள்ளிட்டு, குழந்தைகளத் தரையில வட்டமா உக்கார வெக்கலாமா? எல்லார் முகமும் தெரியணும் எனக்கு."

"தாராளமா! தாராளமா!" என்றார் பெரிய டீச்சர், பெஞ்சின் ஒரு முனையைத் தானே பிடித்தபடி.

பெஞ்சுகள் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தன. வட்டம் உருவாவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் அவள். சிலருக்கு ஜன்னல் எதிரே இருந்தது, சிலருக்கு முதுகுக்குப் பின்னால். கதவின் பக்கம் பார்த்து உட்கார்ந்த பட்டாசு தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். இப்போதே நிறுத்திவிடலாம். எப்படி? என்ன சொல்லி? தட்டில் மூடிகளை எண்ணி வைத்தாள். அவள் குரல் அவளுக்கே யாரோ அடுத்த அறையில் பேசுவது போலக் கேட்டது.

"என்கிட்ட பன்னெண்டு மூடி இருக்கு. அஞ்சை எடுத்துட்டேன். மிச்சம் எத்தனை? யாருக்குத் தெரியும்?"

கைகள் எழுந்தன, ஆளுக்கொரு திசையில். ஒருவன் வலதைத் தூக்கி, யோசித்து, இறக்கி, இடதைத் தூக்கினான். ஒருத்தி இரண்டையும் தூக்கிவிட்டு எதை இறக்குவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள். இதில் எது ஜன்னல், எது கதவு? அவள் கண்ணுக்கு முன்னால் வெறும் விரல்கள் ஆடின. நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட அதிகாரியம்மாவின் பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. யாரையாவது கூப்பிட்டாக வேண்டும். ஜன்னலை ஒட்டி ஒரு கை, கொஞ்சமும் ஆடாமல், நம்பிக்கையோடு நின்றது. அதை நோக்கிக் கை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அது பூனைக்குட்டியின் கை என்று தெரிந்தது.

பையன் எழுந்து நின்றான். பெஞ்சு இல்லாததால் கீழே எதையும் தேடவும் வழியில்லை. அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது, விழவில்லை. சத்தியம் பண்ணினீங்களே என்று கேட்கத் தெரியாத பார்வை.

பட்டாசுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அவன் கதவுக் கையைத்தான் தூக்கினான்! இப்ப இடம் மாறிப்போனதால அது ஜன்னல் பக்கம் வந்துருச்சு!" பிறகு தன் சந்தேகத்தையும் உரக்கக் கேட்டாள். "எனக்கு ஜன்னல் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. தெரியாதவங்க இப்ப எந்தக் கையைத் தூக்கறது?"

பேனாச் சத்தம் நின்றது.

"குழந்தைங்க இல்லையா, ஏதாவது விளையாட்டு," என்று பெரிய டீச்சர் அவசரமாகச் சிரித்தார். "வலம் இடம் சொல்லிக்குடுக்கறதுக்கு ஒரு விளையாட்டு வெச்சிருப்பா. அப்படித்தானம்மா?"

கயிறு கையிலேயே வந்து விழுந்திருக்கிறது. பிடித்துக்கொண்டு கரையேறினால் போதும். ஆமாம் என்று ஒரு சொல். அதிகாரியம்மாவும் நம்பிவிடுவார், அல்லது நம்பியதாக வைத்துக்கொள்வார். பூனைக்குட்டி மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவள் ஆமாம் என்றால், தப்பு அவனுடையது என்று ஆகிவிடும். சரியான கையைத் தூக்கத் தெரியாத தப்பு. அதை அவன் வீட்டுக்குக் கொண்டுபோவான். நாளைக்கும் எடுத்துக்கொண்டு வருவான்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அவன் முகத்துக்கு நேராகத் தன் முகம் வந்தது.

"நீ சரியாத்தான் தூக்கின. அக்காதான் தப்புப் பண்ணிட்டேன்." வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலியை மட்டும் பார்க்கவில்லை. "தெரியாதவங்களை மறைச்சு வெக்கறதுக்காக நான் ஒரு விளையாட்டு சொல்லிக்குடுத்தேன். அது நல்ல விளையாட்டு இல்ல. இனிமே அது கிடையாது. தெரியாதவங்களுக்காகத்தான் பாடமே. தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்கு? இப்ப, தெரியாதவங்க மட்டும் தூக்குங்க. எந்தக் கைய வேணாலும் தூக்கலாம்."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டாசு தூக்கினாள், அவளுக்கே உரிய வேகத்தில். அதைப் பார்த்து இன்னொன்று, இன்னொன்று. வகுப்பில் பாதிக்கு மேல். இவ்வளவு பேரா? இத்தனை நாளும் இவர்களை வைத்துக்கொண்டா பாடம் நடக்கிறது என்று நினைத்தேன்?

"வாங்க, தட்டுக்குப் பக்கத்துல வாங்க."

பூனைக்குட்டி மூடிகளை எண்ணினான். பன்னிரண்டு. அவள் ஐந்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இப்ப?" என்றாள். அவன் தட்டை எண்ணினான், அவள் கையையும் எண்ணினான், பன்னிரண்டு என்றான்.

"அஞ்சு போயிருச்சே கண்ணா?"

"எங்க போச்சு? உங்க கையிலதான இருக்கு?"

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். உண்மைதானே. இத்தனை வாரம் போயிற்று போயிற்று என்று சொல்லிக்கொண்டு, போனதை அவன் கண்முன்னாலேயே அல்லவா பிடித்துக்கொண்டிருந்தாள். சரி, வேறு பக்கமாக வருவோம். ஐந்து மூடிகளையும் அவன் கையில் கொட்டி, "போய் அந்த அம்மாகிட்ட குடுத்துட்டு வா. அவங்க பையில போட்டுக்கட்டும்" என்றாள்.

பெரிய டீச்சர் இருமினார். பையன் நடந்து போய் அதிகாரியம்மாவின் முன்னால் கையை நீட்டினான். அவர் பேனாவை மடியில் வைத்துவிட்டு, மூடிகளை வாங்கிப் பையில் போட்டு, பையின் வாயை இறுக்கிச் சுருக்கினார். பையன் திரும்பி வந்து தட்டை எண்ணினான். மறுபடி எண்ணினான். திரும்பி அந்தப் பையைப் பார்த்தான்.

"ஏழு," என்றான், யாரிடமோ புகார் சொல்வது போல. "அஞ்சு நெஜமாவே போயிருச்சு."

மணி அடித்து, மூடிகள் தட்டுக்குத் திரும்பி, பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஓடியபிறகு, அதிகாரியம்மா வெற்று வட்டத்துக்கு நடுவில் நின்று அவளிடம் கேட்டார்.

"அந்தக் கை விஷயம் யார் சொல்லிக்குடுத்தாங்க?"

"நானேதான் மேடம்."

"யாரோ படிச்சவங்க சொன்ன மாதிரி இருக்கு."

"இல்ல மேடம். ஜன்னல், கதவுன்னு யோசிச்சதெல்லாம் நான்தான்." பாதிப் பொய் சொல்வது முழுப் பொய்யைவிடக் கஷ்டமாக இருந்தது.

அதிகாரியம்மா தலையாட்டினார். "நான் போற இடத்துல பாதிக்குப் பாதி இது நடக்கும். கண்டும் காணாம எழுதிட்டுப் போயிருவேன். யாரும் வாய் விட்டுச் சொன்னதில்ல, அதனால எனக்கும் சிக்கல் இருந்ததில்ல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நீங்க சொல்லிட்டீங்க. நான் இனி எழுதாம இருக்க முடியாது. எழுதினா, படிக்கறவங்க அந்த ஒரு வரியத்தான் படிப்பாங்க. புரியுதா?"

"புரியுது மேடம்."

"பாடம் எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

கேட்கத்தான் ஆசை. ஆனால் அவள் குனிந்து தட்டிலிருந்த மூடிகளை அடுக்கத் தொடங்கினாள். அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

வெளியே கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வாத்தியார் நின்றுகொண்டிருந்தான். கடையில் என்ன சொல்லிவிட்டு வந்தானோ, மேல்சட்டையில் பச்சை காயக்கூட இல்லை. அவன் இந்தப் பள்ளியின் வாசலுக்கு வருவது இதுதான் முதல் முறை. அவளைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னாச்சு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வட்டமாக உட்காரச் சொன்னார்கள் என்றதுமே அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே கேட்டு முடித்தான்.

"நான்தான் கெடுத்தேன்," என்றான். "என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல. எனக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

"நீங்க சொன்னதுக்காக நான் செய்யலைங்க. சொல்லும்போது உங்க முகம் இருந்துச்சே, அதுக்காகச் செஞ்சேன். அதைப் போய் அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவன் கம்பிக்கு நடுவே கையை விட்டு, அவள் விரல்களில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தன் விரலால் துடைத்தான். கொஞ்சம் பச்சை அவள் விரலுக்கு ஏறியது. "அந்தப் பையன் ஏழு சொன்னானா கடைசியில?"

"சொன்னான். கோவமாச் சொன்னான்."

அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். "ஏய், அங்க பாரு."

மரத்தடியில் அதிகாரியம்மாவின் பழைய கார் இன்னும் கிளம்பவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் ஒரு தாளை ஸ்டியரிங்கின்மேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். ஒரு இலை வந்து கண்ணாடியில் விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. எழுதியதை முதலிலிருந்து படிப்பவர் போலத் தலை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது, ஓரிடத்தில் நின்றது. பிறகு பேனாவைக் கிடையாகச் சாய்த்து, தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, மெதுவாக, நேராக ஒரு கோடு இழுத்தார். அந்த ஒரு வரியை அடித்துக்கொண்டு போயிற்றா, அதன் அடியில் போயிற்றா என்று கம்பிக் கதவருகே நின்ற இருவருக்கும் தெரியவில்லை.